ஆண்ட்ரோமீடாவின் ஒளிமுகில்கள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் நிலவற்ற முன்னிரவில், உத்திரட்டாதி நாண்மீனுக்கு வடகிழக்கே சற்றுத் தொலைவில் மங்கிய ஒளித்திட்டு ஒன்று தெரியும். ஊர் விளக்குகளின் ஒளி படாத இடத்தில் நின்று நோக்கினால் வெறுங் கண்ணுக்கே அது புலப்படும். விண்மீனைப் போல அது கூர்மையாக மின்னுவதில்லை. பிய்த்தெறிந்த பஞ்சுத் துணுக்கைப் போல மெல்லிதாகப் பரந்து கிடக்கும். பாரசீக நாட்டு வானியல் அறிஞராகிய அல்-சூஃபி என்பார் 964 ஆம் ஆண்டளவில் இயற்றிய நூலில் இதனைச் சிறு முகில் எனக் குறித்துள்ளார். பிரெஞ்சு நாட்டு மெசியே 1764 இல் தாம் தொகுத்து வந்த பட்டியலில் இதற்கு 31 ஆம் எண்ணைக் கொடுத்தார். ஆண்ட்ரோமீடா என்னும் பெயரே இன்று பெரிதும் வழங்குகின்றது.

இது முகிலா, விண்மீன் கூட்டமா என்னும் ஐயம் நெடுங்காலம் தீராதிருந்தது. வானில் மங்கலாகத் தோன்றும் திட்டு எதுவாயினும் அதனை நெபுலா என ஒரே பெயரால் அழைத்து வந்தமையே அக்குழப்பத்திற்குக் காரணம். முகில் எனப் பொருள்படும் இலத்தீன் மொழிச் சொல் அது. 1864 ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு வில்லியம் ஹக்கின்ஸ் தம் தொலைநோக்கியோடு நிறமாலை காட்டியைப் பொருத்தி இத்திட்டுகளை ஆராயத் தொடங்கினார். ஒளியை அதன் நிறக் கூறுகளாகப் பிரித்துக் காட்டும் கருவி அது. அனலால் ஒளிரும் திண்பொருளின் ஒளியும், விண்மீன்களின் ஒளியும், செம்மை முதல் ஊதா வரை இடையறாது பரந்து தோன்றும். மெல்லிய வளி ஒளிர்ந்தால் அவ்வாறு பரவாது. இருண்ட வெளியில் சில கோடுகள் மட்டுமே ஒளிரும். ஹக்கின்ஸ் திராகம் என்னும் விண்மீன் தொகுதியிலுள்ள ஒரு நெபுலாவை நோக்கியபோது கோடுகளையே கண்டார். ஆகவே அது வளியாலானது என்பது உறுதியாயிற்று. ஆண்ட்ரோமீடாவை நோக்கியபோதோ ஒளி இடையறாது பரந்திருந்தது. ஒரே பெயரால் வழங்கிய இரண்டும் வெவ்வேறு இனம் என்பது அன்றே வெளிப்பட்டது.

1888 இல் ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த நிழற்படத்தில் ஆண்ட்ரோமீடாவின் சுருள் வடிவம் தெரிந்தது. 1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், அமெரிக்க நாட்டு வில்சன் மலை வான்நிலையத்தின் நூறு அங்குலத் தொலைநோக்கியால் அதனுள் ஒரு சீபீடு விண்மீனைக் கண்டார். ஒழுங்கான கால இடைவெளியில் ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன்களுக்குச் சீபீடுகள் என்று பெயர். அவ்விடைவெளி நீண்டால் விண்மீனின் உண்மை ஒளியும் மிகும் என்பதனை ஹென்ரியெட்டா லீவிட் என்னும் அம்மையார் 1912 இல் நிறுவியிருந்தார். அவ்வளவுகோலைக் கொண்டு ஹபிள் கணித்ததில், ஆண்ட்ரோமீடா நம் பால்வழிக்கு நெடுந்தொலைவு அப்பால் உளதென்றும், பால்வழியைப் போன்றே தனித்ததொரு விண்மீன் மண்டலம் என்றும் தெளிவாயிற்று. அவர் கண்ட தொலைவு ஏறத்தாழ 9 லட்சம் ஒளியாண்டு. அது மிகக் குறைந்த மதிப்பு என்பது பின்னர் விளங்கியது. இன்றைய கணக்கில் அத்தொலைவு ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டு. பால்வழியை ஒத்த சுருள் மண்டலங்களுள் நமக்கு மிக அண்மையில் இருப்பது இதுவே.

அவ்வாறாயின் உண்மையான வளிமுகில்கள் ஆண்ட்ரோமீடாவினுள் இல்லையோ எனின், உண்டு. ஆயினும் அவற்றைத் தேடிக் காண்பது எளிய செயல் அன்று. அதனை அறியுமுன், ஒரு முகில் ஒளிர்வது எவ்வாறு என்பதை அறிதல் வேண்டும்.

விண்மீன்களுக்கு இடையேயுள்ள வெளி முற்றிலும் வெறுமை அன்று. அங்கே ஹைட்ரஜன் வளியும் நுண்ணிய தூசும் மெல்லிதாகப் பரவியுள்ளன. சிற்சில இடங்களில் அவை செறிந்து, தம் ஈர்ப்பினாலேயே சுருங்கி, விண்மீன்களாக உருவெடுக்கின்றன. அவ்வாறு பிறப்பனவற்றுள் பெரும்பாலானவை சிறியவை. சில மட்டும் பெருவிண்மீன்கள். கதிரவனின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 5,500 டிகிரி. இப்பெருவிண்மீன்களின் வெப்பமோ 30,000 டிகிரியையும் கடக்கும். இவை நீலமாக ஒளிர்வதோடு, கண்ணுக்குப் புலனாகாத புறவூதாக் கதிரையும் மிகுதியாகப் பொழிகின்றன. அக்கதிர் அருகிலுள்ள ஹைட்ரஜன் அணுவைத் தாக்கி, அதன் ஒற்றை எலக்ட்ரானைப் பிரித்து எறிந்துவிடுகின்றது. பிரிந்து திரியும் எலக்ட்ரான் பின்னொரு கால் வேறோர் அணுக்கருவோடு சேரும்; சேர்ந்தபின், மாடியிலிருந்து படிப்படியாக இறங்குவது போல ஆற்றல் நிலைகளில் இறங்கும். ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு நிறத்து ஒளி வெளிப்படும். மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கும்போது வெளிப்படுவது செவ்வொளி. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றுள் 656 கூறுகளின் நீளமே அவ்வொளியின் அலைநீளம். ஹைட்ரஜன் முகில் எங்கே ஒளிரினும் இந்த ஒரு நிறமே அதன் கைச்சாத்து.

இம்முகில்களின் மென்மை வியக்கத்தக்கது. நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் அடங்கிய மூலக்கூறுகளை எழுத, இரண்டு என்னும் எண்ணை அடுத்துப் பத்தொன்பது சுழிகள் இடவேண்டும். ஒளிமுகிலிலோ அதே அளவு இடத்தில் சில பத்து முதல் சில நூறு அணுக்கள் வரையே பெரும்பாலும் இருக்கும். அம்முகிலின் வெப்பம் பத்தாயிரம் டிகிரி எனக் கணக்கிடுவர். எனினும் அங்கே கை நீட்டினால் சுடாது, தாக்குவதற்கு அணுக்கள் அத்துணை அரியவாகலின். இவ்வளவு மெல்லிய பொருள் கண்ணுக்குத் தெரிவது அதன் பரப்பின் பெருமையினால்தான். திருவாதிரை மீனுக்குத் தென்மேற்கே வரிசையாக நிற்கும் மூன்று மீன்களின் கீழ் மங்கலாகத் தோன்றுவது ஓரியன் ஒளிமுகில். அதன் குறுக்களவு இருபது ஒளியாண்டுக்கு மேல். அதனையே எடுத்து ஆண்ட்ரோமீடாவில் வைத்தால், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த சுண்டைக்காய் அளவே நமக்குத் தோன்றும். அதுவும் கோடிக் கணக்கான விண்மீன்களின் ஒளிக்கு நடுவே!

இத்தகைய சுண்டைக்காய்களை ஒவ்வொன்றாகத் தேடி எண்ண முற்பட்டவர் வால்டர் பாடே. 1893 இல் ஜெர்மனியில் பிறந்த இவர், ஹாம்பர்க் நகர வான்நிலையத்தில் பணியாற்றியபின் 1931 இல் வில்சன் மலைக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது இவர் இன்னும் ஜெர்மானியக் குடிமகனாகவே இருந்தார். ஆதலின் பகைநாட்டார் என எண்ணப்பட்டார்; உடன் பணியாற்றிய அறிஞர் பலரும் போர்ப் பணிக்கு அழைக்கப்பட்டபோது இவருக்கு அவ்வழைப்பு இல்லை. மலைமேல் நூறு அங்குலத் தொலைநோக்கி இருந்தது, இரவுகள் இருந்தன, கீழே பரந்து கிடக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரமோ வான்தாக்குதலுக்கு அஞ்சித் தன் விளக்குகளை மறைத்திருந்தது. ஒருவர் மீது கொண்ட ஐயமும் ஒரு நகரத்தின் அச்சமும் கூடி, அக்காலத்தில் வேறெந்த வானியலாருக்கும் கிட்டாத வாய்ப்பைப் பாடேவுக்கு அளித்தன.

அவ்விருளில் அவர் செய்த முதற்பணி, ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் காட்டியது. அதுகாறும் எவர் எடுத்த படத்திலும் அப்பகுதி பிரியாத ஒளிப்பிழம்பாகவே இருந்தது. அக்கால நிழற்படத் தட்டுகள் நீல ஒளியையே நன்கு பதிவு செய்யும். பாடே செவ்வொளியை உணரும் புதிய தட்டுகளைக் கையாண்டார். பல மணி நேரம் தட்டில் ஒளி விழச் செய்து, அத்தனை நேரமும் கருவி இம்மியும் பிசகாதபடி தம் கையாலேயே திருத்தி வந்தார். குளிரில் அசையாதிருந்து செய்யவேண்டிய பணி அது. 1944 இல் அவர் வெளியிட்ட முடிவு இதுவே: மண்டலத்தின் நடுவில் இருப்பவை முதிர்ந்த செவ்விண்மீன்கள், சுருள் கரங்களிலேதான் இளைய நீல விண்மீன்கள் உள்ளன.

இம்முடிவிலிருந்து அடுத்த கேள்வி தானே எழுந்தது. நீல விண்மீன்கள் கரங்களில் மட்டுமே உள்ளனவெனில், அவற்றால் ஒளிபெறும் முகில்களும் கரங்களில்தாமே இருத்தல் வேண்டும்? போர் முடிந்த பின்னர்ப் பாடே ஆண்ட்ரோமீடாவைப் பகுதி பகுதியாகப் படமெடுத்தார். வானில் அதன் நீளம் முழுநிலவைப் போல் ஆறு மடங்கு. நூறு அங்குலத் தொலைநோக்கியின் ஒரு தட்டு அதில் ஒரு சிறு கூறையே அடக்கும். ஹைட்ரஜனின் செவ்வொளியை ஏற்கும் தட்டில் ஒரு முறையும், அவ்வொளி விழாத தட்டில் மற்றொரு முறையும் அதே பகுதியைப் படமெடுத்து ஒப்புநோக்குவதே வழி. விண்மீனாயின் இரண்டிலும் தெரியும். முதல் தட்டில் தெரிந்து மற்றதில் மறைவது எதுவோ அதுவே ஒளிமுகில். சொல்லுதற்கு எளிது, ஆயிரமாயிரம் புள்ளிகள் நிறைந்த தட்டுகளில் ஒவ்வொரு புள்ளியையும் அதன் இணையோடு ஒத்துப் பார்ப்பதற்கு வேண்டிய பொறுமை சிறிதன்று. போதாக்குறைக்கு, ஆண்ட்ரோமீடா நம் பக்கம் முகங்காட்டி நிற்கவில்லை. கண்ணுக்கு நேரே ஏறக்குறையக் கிடையாகப் பிடித்த தாம்பாளத்தைப் போல அது சாய்ந்துள்ளது. அதனால் கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கித் தோன்றுகின்றன.

பாடே கண்டு குறித்த ஒளிமுகில்கள் 688. அவை மண்டலமெங்கும் சிதறிக் கிடக்கவில்லை. நூலில் முத்துகளைக் கோத்தாற் போலக் கரங்களின் வழியே நிரல்பட அமைந்திருந்தன. நடுவிலிருந்து முப்பதாயிரம் ஒளியாண்டுக்குச் சற்று அப்பாலுள்ள வளையத்தில் அவை மிகுதி. நடுப்பகுதியில் மிக அரிது.

இதன் காரணம் விளக்கத்தக்கது. பெருவிண்மீன்கள் தம் எரிபொருளை விரைவில் தீர்த்துவிடுகின்றன. கதிரவனின் ஆயுள் ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டு. மிகப் பெரிய விண்மீன்களின் ஆயுளோ சில பத்து லட்சம் ஆண்டுகளே. கதிரவன் பால்வழியை ஒரு முறை சுற்றிவர இருபது கோடி ஆண்டுக்கு மேல் ஆகின்றது. அதுபோன்ற நெடுநாள் வாழும் விண்மீன்கள் பிறந்த இடத்தை விட்டுப் பல சுற்றுச் சுற்றி எங்கெங்கோ பரவிவிடுகின்றன. பெருவிண்மீனுக்கு அதற்குக் காலம் இல்லை. தொட்டிலின் அருகிலேயே அதன் வாழ்வு முடிந்துவிடுகின்றது. ஆகையால் அது ஏற்றிவைக்கும் ஒளிமுகில், விண்மீன்கள் இப்பொழுது பிறந்துகொண்டிருக்கும் இடம் இதுவென அடையாளம் காட்டுகின்றது.

இங்கே ஆண்ட்ரோமீடாவை விட்டு நம் பால்வழிக்கு வருதல் வேண்டும். பாடேயின் தேட்டத்தால் பெரும்பயன் விளைந்தது இங்கேதான். பால்வழியும் சுருள் மண்டலமாக இருக்கலாம் என அறிஞர் பலர் கருதியிருந்தனர். ஆனால் எவரும் அதன் கரங்களைக் கண்டதில்லை. நாம் அதனுள்ளேயே இருக்கின்றோம். தேர்த்திருவிழாக் கூட்டத்தின் நடுவே நிற்பவன் நாற்புறமும் தலைகளைக் காண்பானேயன்றி, கூட்டம் எவ்வெத் தெருக்களில் நிரம்பியுள்ளது என்பதை அறியான். அதன்மேல் விண்வெளித் தூசு வேறு தொலைவை மறைக்கின்றது. திசைதோறும் விண்மீன்களை எண்ணிக் கரங்களைக் காணலாம் எனப் பார்ட் போக் என்னும் அறிஞர் பல்லாண்டு உழைத்தார், கரங்கள் புலப்படவில்லை. அவ்வுழைப்பில் குறை கூற இடமில்லை. எல்லா விண்மீன்களையும் ஒருசேர எண்ணினால் முதியவற்றின் பெருந்திரளில் இளையவை மறைந்துவிடும் என்பதை அன்று அறிந்தார் இலர்.

எவற்றை எண்ணவேண்டும் என்பதை ஆண்ட்ரோமீடா கற்பித்தது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெர்க்ஸ் வான்நிலையத்தில் பணியாற்றிய வில்லியம் மார்கன், பாடேயின் முடிவைக் கேட்டறிந்து, பால்வழியிலும் நீலப் பெருவிண்மீன்களையும் ஒளிமுகில்களையும் மட்டும் தேடலாயினார். ஸ்டூவர்ட் ஷார்ப்லெஸ், டானல்ட் ஆஸ்டர்பிராக் என்னும் மாணவர் இருவர் ஹைட்ரஜனின் செவ்வொளியில் பால்வழியைப் படமெடுத்து, ஒளிமுகில்களைக் கண்டெடுத்தனர். அவற்றை ஒளிரச் செய்யும் நீல விண்மீன்களின் இனத்தை நிறமாலையால் அறிந்து, அவற்றின் தொலைவை மார்கன் கணித்தார். கணித்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது அவை இரு நீண்ட பட்டைகளாக அமைந்தன. ஒன்று நம் கதிரவனை அடுத்துச் செல்வது. மற்றொன்று பால்வழியின் வெளிப்புறமாகப் பெர்சியஸ் திசையில் செல்வது. உட்புறத்தே மூன்றாவது ஒன்று இருப்பதற்கும் அறிகுறி தென்பட்டது.

1951 டிசம்பரில் கிளீவ்லாந்து நகரில் கூடிய அமெரிக்க வானியல் கழகத்தின் கூட்டத்தில் மார்கன் இதனை எடுத்துரைத்தார். கேட்டிருந்த அறிஞர்கள் கைகளைத் தட்டியதோடு அமையாது, கால்களையும் தரையில் தட்டி ஆரவாரித்தனர். பொதுவாக அமைதியே நிலவும் அத்தகைய அவையில் இது மிக அரிய நிகழ்ச்சி. அவர்தம் மகிழ்ச்சிக்குக் காரணம் வெளிப்படை: தாம் குடியிருக்கும் வீட்டின் வடிவத்தை மனிதர் முதன்முதலாகக் கண்ட நாள் அது. அதே 1951 ஆம் ஆண்டில் ஹைட்ரஜன் வீசும் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையும் கண்டறியப்பட்டது. தூசு அவ்வலையைத் தடுப்பதில்லை ஆதலால், பால்வழியின் தொலைவிலுள்ள கரங்களை ஆராயும் பணி பின்னர் அவ்வழியே விரைந்து சென்றது.

ஒளிமுகில்கள் எல்லா மண்டலங்களிலும் ஒரே அளவின அல்ல என்பதும் ஒப்பாய்வால் தெரிந்தது. ஆண்ட்ரோமீடாவை அடுத்து, ஏறத்தாழ 27 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில், மெசியேயின் பட்டியலில் 33 ஆம் எண்ணுடைய சிறு சுருள் மண்டலம் உண்டு. அதில் வில்லியம் ஹெர்ஷல் 1784 இலேயே ஓர் ஒளித்திட்டைத் தனியே கண்டு குறித்தார். இன்று என்.ஜி.சி. 604 எனப்படும் அம்முகிலின் குறுக்களவு ஏறத்தாழ 1,500 ஒளியாண்டு. அதன் நடுவே இருநூறு வெம்பெருவிண்மீன்கள் எரிகின்றன. மண்டலத்தால் பெரிய ஆண்ட்ரோமீடாவில் இதற்கு இணையான ஒளிமுகில் ஒன்றும் இல்லை. அங்கே முகில்கள் பல, ஒவ்வொன்றும் சிறிது. விண்மீன் பிறப்பு அங்கே இப்பொழுது தணிந்த நிலையில் நடைபெறுகின்றது என்பதே இதன் பொருள்.

பாடே நிறையக் கண்டார், குறைவாகவே எழுதினார். 1952 இல் உரோம் நகரில் கூடிய வானியலார் பேரவையில், ஆண்ட்ரோமீடாவின் தொலைவு ஹபிள் கணித்ததைப் போல் இரு மடங்கு என அறிவித்து உலகை வியப்பில் ஆழ்த்தியவரும் இவரே. ஆயினும் தாம் தேடிய 688 முகில்களின் பட்டியலை அச்சில் காணாமலே 1960 இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற தட்டுகளையும் குறிப்புகளையும் கொண்டு, ஹால்டன் ஆர்ப் ஒவ்வொரு முகிலின் இடத்தையும் அளந்து, 1964 இல் இருவர் பெயராலும் அப்பட்டியலை வெளியிட்டார்.

பின்வந்தோர் நுண்ணிய கருவிகளால் தேடி அவ்வெண்ணை மேன்மேலும் உயர்த்தினர். 2011 இல் வெளிவந்த ஒரு பட்டியலில் ஆண்ட்ரோமீடாவின் ஒளிமுகில்கள் மூவாயிரத்தைக் கடந்தன. செவ்வொளி வீசுவன யாவும் பிறப்பிடங்கள் அல்ல என்பதும் விளங்கிற்று. வெடித்து மடிந்த விண்மீன்களின் எச்சமும் அவ்வாறே ஒளிர்வதுண்டு. கந்தகத்தின் நிறமாலைக் கோடுகள் அதனிடத்தே மிக்குத் தோன்றுவதால் அதனைப் பிரித்தறிகின்றனர். பாடேயின் தட்டுகளில் பதிந்த ஒளியோ ஆண்ட்ரோமீடாவை விட்டுப் புறப்பட்டு 25 லட்சம் ஆண்டுகள் கடந்தபின் வில்சன் மலையை அடைந்தது. அவர் எண்ணிய முகில்களுக்கு ஒளியூட்டிய பெருவிண்மீன்களுள் பல, அவ்வொளி வழியில் வந்துகொண்டிருந்த காலத்திலேயே அவிந்து போயிருக்கும்.